மக்கும் குப்பை, மக்காத குப்பை: ஏன் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்?

காலையில் விசில் ஊதிக்கொண்டே பேட்டரி வண்டி தெருவுக்குள் வரும், மக்கும் குப்பை தனி மக்காத குப்பை தனி என்று ஸ்பீக்கரில் ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கும், நாமும் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு முடிச்சுப் போட்டு வண்டியில் வீசிவிட்டு உள்ளே வந்துவிடுவோம். பல வீடுகளில் தினமும் நடப்பது இதுதான். சோம்பல் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பிரித்துக் கொடுத்தால் அந்தக் குப்பைக்கு என்ன ஆகிறது, கலந்து கொடுத்தால் என்ன ஆகிறது என்று யாரும் நமக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று அம்புக்குறி போட்டு மறுசுழற்சிப் படம் வரைந்து மார்க் வாங்கியதோடு அந்தப் பாடம் முடிந்துவிட்டது.

இங்கே ஒரே விஷயத்தை மட்டும் அடிப்படையிலிருந்து சொல்கிறேன். ஒரு பொருளை உண்மையிலேயே குப்பையாக்குவது கலப்படம்தான். காய்கறித் தோல் தனியாக இருந்தால் உரம். அட்டைப்பெட்டி தனியாக இருந்தால் காசு. இரண்டும் ஒரே கவருக்குள் ஒரு ராத்திரி கிடந்தால் காலையில் இரண்டுமே எதற்கும் உதவாது. மறுசுழற்சி, உரக்கிடங்கு, சுத்தமான தெரு என்று மேலே எவ்வளவு பெரிய திட்டம் போட்டாலும், அது நம் அடுப்படியில் இருக்கும் குப்பைக்கூடையைத்தான் நம்பி நிற்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் நகரங்களில் ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ வாக்கில் குப்பை சேர்கிறது. 4 பேர் இருக்கும் வீட்டில் 2 கிலோ, வருஷத்துக்கு 700 கிலோவுக்கு மேல். இதில் பாதிக்கும் மேல் ஈரக் குப்பை: காய்கறிக் கழிவு, மிஞ்சிய சோறு, பழத்தோல், டீத்தூள், பூஜைக்குப் போட்ட பூ. மீதியில் காகிதம், அட்டை, பால் கவர், பாட்டில், டப்பா, துணி என்று ஏதாவது ஒரு கடைக்காரர் வாங்கிக்கொள்ளும் பொருட்கள் கணிசம். உண்மையாகவே யாருக்கும் எதற்கும் பயன்படாத பொருள் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் நாம் வண்டியில் போடுவது முழுக்க முழுக்கப் பயன்படாததாக ஆகிவிடுகிறது.

அது எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டுமானால், உங்கள் ஊரில் உரம் தயாரிக்கும் மையம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, கலந்து வந்த கவர்களைப் பிரிக்கும் மேசைக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். முடிச்சை அவிழ்க்க முடியாது, கிழித்துத்தான் கொட்ட வேண்டும். முந்தாநாள் சாம்பார் சாதம் முதலில் வழியும். அதில் ஊறிப்போன செய்தித்தாள் கையில் எடுத்தால் கூழாக வரும். தேங்காய் நாரில் தலைமுடி சுற்றியிருக்கும், அதற்குள் ஒரு பேட்டரி செல். பால் கவருக்குள் வாழைப்பழத் தோலைத் திணித்திருப்பார்கள். குழந்தையின் டயப்பர் பிரிந்து, அதன் உள்ளே இருக்கும் ஜெல் எல்லாவற்றின் மேலும் ஒட்டியிருக்கும். சர்க்கரை நோயாளி வீட்டிலிருந்து வந்த ஊசி எங்கே இருக்கிறது என்று கை பட்ட பிறகுதான் தெரியும். இவ்வளவையும் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், கையால் பிரிக்கிறார். கையுறை கொடுத்திருந்தாலும் இந்த வேலைக்கு அது தாங்காது. நம் வீட்டில் இரண்டாவதாக ஒரு கூடை வைத்தால் முப்பது வினாடியில் முடிந்திருக்கும் வேலை இது. அங்கே போய் இன்னொரு மனிதரின் முழுநாள் அருவருப்பாகவும் ஆபத்தாகவும் மாறுகிறது. பிரித்துக் கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

காசுக் கணக்கும் அங்கேதான் கெட்டுப்போகிறது. காய்ந்த செய்தித்தாளைக் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கப் பழைய பேப்பர் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. ரசம் பட்ட செய்தித்தாளை எந்தக் கடையிலும் தொட மாட்டார்கள். எண்ணெய் ஊறிய அட்டையில் காகிதக் கூழ் சரியாக வராது. மறுபக்கம், காய்கறிக் கழிவில் கண்ணாடித் துண்டும் கவர் துணுக்கும் சேர்ந்துவிட்டால் அதில் வரும் உரத்தை விவசாயி வயலில் போட மாட்டார், போடவும் கூடாது. ஆக, பிரிக்க முடியாத மிச்சம் எல்லாம் லாரி ஏறிக் கிடங்குக்குப் போகிறது.

கிடங்கு என்றால் என்ன என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேரும் நகரம் பல பத்தாண்டுகளாக இந்த இரண்டு இடங்களில் கொட்டிக்கொண்டே வந்தது. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டிய இடம், வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். அதே 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கில் தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர். ஊர் பெயர் மாறுகிறது, காரணம் மாறவில்லை.

அந்தக் காரணம் ஈரக் குப்பை. சோறும் காய்கறியும் காற்றோட்டமாகக் கிடந்து மக்கினால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான் வரும். மலைபோல் குவிந்து, மேலே மேலே குப்பை அமுக்கி, உள்ளே காற்றே போகாமல் அழுகினால் மீத்தேன் வரும். மீத்தேன் எரியும் வாயு. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வாக்கில் பூமியைச் சூடாக்கும் வாயுவும்கூட. அந்த மலைக்குள்ளேயே காய்ந்த பிளாஸ்டிக்கும் கிடக்கிறது. கோடைக்காலத்தில் ஒரு பொறி போதும். மழைக்காலத்தில் இன்னொரு கதை: குப்பைக்குள் இறங்கும் தண்ணீர் கறுப்பாகக் கசிந்து நிலத்தடிக்குப் போகிறது, சுற்றுவட்டாரத்தில் போர் தண்ணீர் கெடுகிறது. இலங்கையில் கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லை குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். அடுப்படியில் கலந்த குப்பை குவிந்து குவிந்து அந்த அளவுக்குப் போகும்.

இப்போது பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பயோமைனிங் என்ற பெயரில் பழைய குப்பையைத் தோண்டியெடுத்துச் சலித்து, மண் தனி, கல் தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கோடி ரூபாய்ச் செலவு. யோசித்துப் பாருங்கள், முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ வீட்டில் செய்யாத பிரிப்பு வேலையை இன்று இயந்திரம் வைத்து, நம் வரிப் பணத்தில், அழுகிப்போன பிறகு செய்கிறோம்.

சரி, பிரிப்பது எப்படி என்பதற்கு வருவோம். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான குப்பை. பச்சைக்கூடை, நீலக்கூடை என்ற நிறக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் பரவாயில்லை, ஈரம் ஒரு பக்கம், காய்ந்தது ஒரு பக்கம், தொட்டால் பயப்பட வேண்டியது இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஈரக் குப்பையை வண்டியில் கொடுக்கலாம், முடிந்தவர்கள் வீட்டிலேயே உரமாக்கலாம். பலரும் நாற்றம் வரும், புழு வரும் என்று பயந்து இதைத் தொடுவதே இல்லை, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்தொட்டியோ பழைய பக்கெட்டோ இரண்டு வேண்டும். அடியில் காய்ந்த இலை அல்லது தேங்காய் நார்க்கழிவு நாலு விரல் உயரத்துக்கு. அன்றாடம் காய்கறித் தோல், டீத்தூள், வாடிய பூ எல்லாம் சின்னச் சின்னதாக நறுக்கிப் போட்டு, அதே அளவுக்கு மேலே காய்ந்த இலையைத் தூவி மூட வேண்டும். முதல் தடவை ஒரு கரண்டி புளித்த மோரோ, கொஞ்சம் சாணிக் கரைசலோ, தெரிந்தவர் வீட்டுப் பழைய உரமோ சேர்த்தால் இட்லி மாவுக்குப் பழைய மாவு சேர்த்தது மாதிரி நுண்ணுயிர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வாரத்தில் இரண்டு தடவை ஒரு குச்சியால் கிளறிவிட வேண்டும். ஒரு தொட்டி நிரம்பியதும் அதை ஒதுக்கி வைத்து இரண்டாவதில் தொடங்குங்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் முதல் தொட்டியில் இருப்பது கறுப்பாக, பொலபொலவென்று, முதல் மழைக்கு நனைந்த மண் வாசத்தோடு இருக்கும்.

நாற்றம் வந்தால் அர்த்தம் ஒன்றுதான்: ஈரம் அதிகம், காற்று குறைவு. காய்ந்த இலையை இன்னும் இரண்டு கைப்பிடி போட்டுக் கிளறுங்கள், ஓரிரு நாளில் போய்விடும். கையில் எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது, அதுதான் பதம். மொட்டைமாடித் தொட்டியில் பழுப்பு நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிந்தால் பதற வேண்டாம், அவை ஒரு வகை ஈயின் புழுக்கள், கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை, மனிதருக்கு ஒன்றும் செய்யாது. எலும்பு, மீன் கழிவு, எண்ணெய்ப் பதார்த்தம் இவற்றைச் சின்னத் தொட்டியில் போடாமல் இருப்பது நல்லது. தேங்காய்ச் சிரட்டையும் மாங்கொட்டையும் மக்க வருஷக்கணக்கில் ஆகும். வீட்டில் நாலு பூந்தொட்டிகூட இல்லையே, உரத்தை வைத்து என்ன செய்வது என்று கேட்பவர்கள் தெருவில் நிற்கும் வேம்புக்கும் புங்கனுக்கும் போடலாம்.

காய்ந்த குப்பைக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பெரிய அமைப்பு இருக்கிறது. யாரும் திட்டம் போட்டு உருவாக்கியதில்லை. சைக்கிளில் வரும் பழைய பேப்பர்காரர், தெருமுனைக் காயலான் கடை, அதற்கு மேலே மொத்தமாக வாங்கும் குடோன், அதற்கும் மேலே ஆலை. செய்தித்தாள் காகித ஆலைக்குப் போகிறது. தண்ணீர் பாட்டில் துகளாகி நூலாகிறது, கரூரில் அந்த நூலிலிருந்து துணி வரை செய்கிறார்கள். அலுமினியத்தை மறுபடி உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் ஆகும், அதனால் அலுமினியப் பாத்திரமும் குளிர்பான டின்னும் கடையில் எப்போதும் மதிப்பானவை. கண்ணாடியை எத்தனை தடவை உருக்கினாலும் தரம் குறையாது. காகித இழை ஐந்தாறு தடவைக்கு மேல் தாங்காது, ஒவ்வொரு தடவையும் குட்டையாகிக்கொண்டே போகும்.

பிளாஸ்டிக் விஷயத்தில்தான் ஏமாற வேண்டாம் என்று சொல்வேன். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும், 1 முதல் 7 வரை. அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று சொல்கிறதே தவிர, உங்கள் ஊரில் மறுசுழற்சி ஆகும் என்று உத்தரவாதம் தருவதில்லை. 1 தண்ணீர் பாட்டில், 2 ஷாம்பூ பாட்டிலும் பினாயில் கேனும், 4 பால் கவர் வகை, 5 ஓட்டலில் சாப்பாடு கட்டித் தரும் டப்பா. இந்த நாலும் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் விலை போகும். பால் கவரின் மூலையை வெட்டும்போது துண்டைத் தனியாக எறியாமல் கவரோடு ஒட்டியே விட்டுவிட்டு, அலசிக் காயப்போட்டு ஒன்றாகச் சேர்த்து வைத்தால் கடையில் வாங்கிக்கொள்வார்கள். அந்த மூலைத் துண்டு தனியாகப் போனால் எந்தச் சல்லடையிலும் நிற்காது, நேராகச் சாக்கடைக்குத்தான்.

7 என்ற எண்ணுக்குள் மற்றதெல்லாம் வருகிறது. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பூ பாக்கெட், பான் மசாலா உறை எல்லாம் பல அடுக்குகளாக ஒட்டியவை, சிலவற்றில் அலுமினியப் படலமும் சேர்ந்திருக்கும். அடுக்குகளைப் பிரித்தெடுக்கக் கட்டுப்படியான வழி இல்லாததால் யாரும் வாங்குவதில்லை. சிறிய பாக்கெட்டில் ஷாம்பூ அடைத்து விற்கும் யோசனையைப் பரவலாக்கியவர்களில் கடலூர் சின்னி கிருஷ்ணன் முக்கியமானவர், மொத்தமாக ஒரு பாட்டில் வாங்கக் காசில்லாத வீடுகளுக்கும் அது ஷாம்பூவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த உறை என்ன ஆகும் என்ற கேள்வி இன்றுவரை மிஞ்சியிருக்கிறது. இப்போதைக்கு இப்படிப்பட்டவற்றை மூட்டை கட்டி அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். சில இடங்களில் துருவித் தாரோடு சேர்த்துச் சாலை போடுகிறார்கள், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை அது, அதற்காக 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த இரண்டுமே கிடங்கில் கொட்டுவதைவிட மேல். ஆனாலும் இரண்டிலும் அந்தப் பிளாஸ்டிக் மறுபடி பாக்கெட்டாகித் திரும்பி வரப்போவதில்லை.

மூன்றாவது வகையில் நாப்கின், டயப்பர், ஊசி, காலாவதியான மாத்திரை, பேட்டரி, டியூப்லைட், பெயிண்ட் டப்பா, உடைந்த கண்ணாடி. அளவில் குறைவு, ஆனால் கையால் எடுப்பவருக்கு ஆபத்து இதில்தான். புனேயில் குப்பை சேகரிப்பவர்களே உறுப்பினர்களாக இருந்து நடத்தும் ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பு 2008-லிருந்து இயங்குகிறது. அவர்கள் வீடுகளில் கேட்பது ரொம்ப எளிது: நாப்கினையும் டயப்பரையும் பழைய செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள், பார்த்தவுடன் தெரிந்துகொண்டு நாங்கள் திறக்காமல் ஒதுக்கிவிடுவோம். நம் வீட்டிலும் இதைச் செய்ய யாருடைய உத்தரவும் தேவையில்லை. உடைந்த கண்ணாடியை அட்டைப்பெட்டியில் போட்டு மேலே கண்ணாடி என்று எழுதுங்கள். ஊசியைக் கெட்டியான பழைய பாட்டிலில் போட்டு மூடியைத் திருகி, அதையும் மேலே எழுதித் தனியாகக் கொடுங்கள்.

எரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர்ப்புறங்களில் சாயங்காலமானால் வாசலில் கூட்டித் தீ வைப்பது இன்னும் பழக்கம். சருகோடு கவரும் சேர்ந்துதான் எரிகிறது, சில வகைப் பிளாஸ்டிக் எரியும்போது டயாக்சின் போன்ற நஞ்சு வருகிறது, அதை முதலில் சுவாசிப்பது அந்த வாசலில் விளையாடும் குழந்தை. அந்த 2016 விதிகளே இதைத் தடை செய்தன. 2018 போகியன்று மூட்டமும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது நினைவிருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும். வரிசையில் மறுசுழற்சிக்குக் கடைசி இடம்தான். முதலில் வாங்காமல் இருப்பது, அப்புறம் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது, இரண்டுக்கும் வழியில்லாதபோது மறுசுழற்சி. பாட்டிலை நீலக்கூடையில் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் இன்னும் இரண்டு பாட்டில் வாங்கினால் கணக்கு நேராகாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. கல்யாண வீட்டில் தேங்காய் வெற்றிலையோடு கொடுத்த மஞ்சப்பையைத் துவைத்துத் துவைத்து வருஷக்கணக்கில் கடைக்கு எடுத்துப்போன ஊர் இது, தூக்கு வாளி கொண்டுபோய் ஓட்டலில் சாம்பார் வாங்கிய ஊர் இது. எண்ணெய்க்கு ஒரு பாட்டில், மாவுக்கு ஒரு தூக்கு என்று கையோடு எடுத்துப்போனது வறுமையின் அடையாளம் என்று நடுவில் ஒரு முப்பது வருஷம் நினைத்துவிட்டோம். இறைச்சிக் கடைக்கு ஒரு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவை எடுத்துப் போய்ப் பாருங்கள், கடைக்காரர் சந்தோஷமாகத்தான் வாங்கிப் போட்டுத் தருவார், அவருக்குக் கவர் செலவு மிச்சம்.

பொருளுக்கு ஒரு விலை வைத்துவிட்டால் அது தானாகத் திரும்பி வரும் என்பதற்கு நல்ல உதாரணம் நீலகிரியில் இருக்கிறது. டாஸ்மாக்கில் வாங்கிக் குடித்த பாட்டிலைக் காட்டோரம் உடைத்துப் போட்டுவிடுகிறார்கள், யானைகளின் கால் கிழிகிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2022 மே மாதம் முதல் அந்த மாவட்டத்தில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. யாராவது குடித்துவிட்டு எறிந்தாலும் இன்னொருவர் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். சோடா, கலர் பாட்டிலுக்குக் கடைக்காரர் டெபாசிட் வாங்கிக்கொண்ட காலத்தை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இனி தெரு. நம் பெண்கள் விடிகாலையில் எழுந்து வாசல் தெளித்துக் கூட்டிப் போடும் கோலத்தைப் போல வீட்டு வாசலைக் கொண்டாடும் பழக்கம் எத்தனை ஊர்களில் இருக்கும் என்று தெரியவில்லை, எனக்கு அதில் உண்மையாகவே பெருமை உண்டு. அந்தக் கூட்டிய குப்பை மட்டும் கோலத்தின் ஓரத்தைத் தாண்டியதும் யாருடையதோ ஆகிவிடுகிறது. தெருமுனையில் டிரான்ஸ்பார்மருக்கு அடியில் முதலில் ஒருவர் ஒரு கவரை வைப்பார். அது அங்கே ஒரு ராத்திரி கிடந்தால் மறுநாள் பத்துக் கவர் இருக்கும், நாய் இழுக்கும், மாடு பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தின்னும். குப்பை கிடக்கும் இடத்தில் குப்பை போடக் கை கூசுவதில்லை. இதனாலேயே பல ஊர்களில் தன்னார்வலர்கள் அந்த இடத்தை ஒரே நாளில் சுத்தம் செய்து, சுவரில் வண்ணம் அடித்து, நாலு தொட்டிச் செடி வைத்து, கோலமும் போட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் யாராவது காலையில் அங்கே நின்று பேச வேண்டியிருக்கும், அதைச் செய்யாவிட்டால் பெயிண்ட் காய்வதற்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். குப்பை வண்டி தினமும் ஒரே நேரத்துக்கு வருவதும் அதே அளவுக்கு முக்கியம், ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர் வீட்டுக்கு ஒன்பது மணிக்கு வண்டி வந்தால் அவர் கவரை எங்கே வைப்பார்?

இதை ஒரு நகரம் முழுக்கச் செய்து காட்டியது சத்தீஸ்கரில் இருக்கும் அம்பிகாபூர். நம் வேலூரைச் சேர்ந்த சி. சீனிவாசன் வகுத்த முறை அது. குப்பை அழுகுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும் என்பது அவர் சொல்லும் முதல் பாடம், காலையில் நறுக்கிய கேரட் மேல்தோல் மத்தியானம் வரைக்கும் மாட்டுத் தீவனம், மறுநாள் அதுவே நாற்றம். அம்பிகாபூரில் மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த நானூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வீடு வீடாகப் போய் ஈரமும் காய்ந்ததும் தனித்தனியாக வாங்கி, மையத்தில் வைத்து இன்னும் பல வகைகளாகப் பிரித்து விற்கிறார்கள். வீடுகளிலிருந்து மாதம் ஒரு சிறு தொகை கட்டணம், விற்பனை வருமானம், இரண்டிலும் அவர்களுக்குச் சம்பளம் வருகிறது. ஊருக்கு வெளியே இருந்த 15 ஏக்கர் குப்பைமேட்டை அகற்றிவிட்டுப் பூங்கா ஆக்கினார்கள். 2019-ல் ஒரு கிலோ பிளாஸ்டிக் கொண்டுவந்தால் ஒரு வேளைச் சாப்பாடு என்று ஒரு உணவகமும் தொடங்கினார்கள். பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. அங்கே நடந்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது, அந்தப் பெண்கள் வாசலில் நின்று, கலந்திருந்தால் பேசிப் புரியவைத்துப் பிரிக்கச் சொல்லும் இடத்துக்கு வந்தார்கள் என்பதுதான்.

நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, சில இடங்களில் உண்மையாகவே அப்படி நடக்கிறது. அதற்கு இரண்டு பதில். ஈரக் குப்பையை வீட்டில் உரமாக்கி, காய்ந்ததைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டால் வண்டியில் கலக்க உங்கள் வீட்டிலிருந்து அதிகம் ஒன்றும் மிச்சம் இருக்காது. இன்னொன்று, வண்டியில் தடுப்பு இருக்கிறதா, இல்லையா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் வண்டி ஓட்டுபவரிடம் கோபப்படாதீர்கள், கொடுத்த வண்டியைத்தான் அவர் ஓட்டுகிறார். மேற்பார்வையாளரிடமோ வார்டு கவுன்சிலரிடமோ கேளுங்கள், சென்னையில் இருந்தால் 1913-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்கள் சங்கக் கூட்டத்தில் பேசலாம், நூறு கிலோவுக்கு மேல் தினமும் குப்பை சேரும் பெரிய குடியிருப்புகளுக்கு விதிகளிலேயே தனிப் பொறுப்பு உண்டு. கிராமத்தில் இருந்தால் வருஷத்துக்கு ஆறு தடவை கிராமசபை நடக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: நம் ஊர்க் குப்பை எங்கே போகிறது, அங்கே உரக்கூடம் ஓடுகிறதா, தூய்மைக் காவலர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.